மதிலுக்கு அப்பால் உயரப் புல்

கோல்ஃப் மைதானத்தில் புல் நான்கு உயரங்களில் வளர்கிறது. குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர். அதை ஏறக்குறைய தினமும் வெட்டுவார்கள். பந்தை அடித்துக்கொண்டே முன்னேறும் ‘ஃபேர்வே’யில் அரை அங்குலம் இருக்கும். அதன் இரு பக்கமும் உள்ள ‘ரஃப்’ பகுதியில் இரண்டு அங்குலம் வரை விட்டுவைப்பார்கள். அதற்கும் வெளியே, பந்து வந்து விழக் கூடாத ஓரங்களில், நாட்டுப் புல்லை முழங்கால் அளவோ இடுப்பளவோ வளரவிடும் வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. மைதானத்தின் ஓரம் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டின் மதில். அதனால் இந்த நான்காவது புல் ஆடுகிறவர்களைவிட அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குத்தான் கவலை தருகிறது.

வெட்டிய பகுதிகளில் உள்ள புல் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் ஒட்டு வகைகளும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960இல் வெளியான ‘டிஃப்ட்வே 419’ என்ற வகை, அருகம்புல்லை ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றுடன் கலந்து பெறப்பட்டது. வயல் வரப்பில் யாரும் நீர் ஊற்றாமலே உயிர்பிடித்து நிற்கும் புல் அது. மைதானத்துக்கு வந்ததும் அதற்குத் தினசரி நீர், மாதாமாதம் உரம், அடிக்கடி மருந்து என்று எல்லாம் தேவைப்படுகிறது. தரையோடு தரையாக வெட்டப்படும் புல்லுக்கு உணவு தயாரிக்க இலை போதாது, வேரும் ஆழத்துக்கு இறங்காது. காரணம் அதுதான்.

பந்து விழாத இடத்துக்கும் இவ்வளவும் செலவழிப்பது விழலுக்கு இறைத்த நீர்தான் என்று மைதானக்காரர்கள் உணர்ந்தபோது உயரப் புல்லுக்கு இடம் கிடைத்தது. இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம். 2010, 2011 ஆண்டுகளில் அங்கே 35 ஏக்கருக்கும் மேற்பட்ட பாசனப் புல்தரையை அகற்றிவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய கம்பிப்புல்லை நட்டார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்த நீர்தெளிப்பான்கள் பாதிக்கும் கீழே வந்தன. 2014இல் ஆண்கள், பெண்கள் இருவருக்குமான அமெரிக்க ஓப்பன் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் அந்த மைதானத்தில் நடந்தன.

ஆனால் வட கரோலினாவின் மணல் வேறு, கொச்சியின் மண் வேறு. கொச்சி நகரை ஒட்டிய களமசேரியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. அங்கிருந்து 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஆலுவா வழியாக வடக்கே போனால், நெடும்பாசேரியில் கொச்சி சர்வதேச விமான நிலையத்தை ஒட்டி 130 ஏக்கர் கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. அதில் 12 செயற்கை ஏரிகள். அவற்றில் இரண்டின் மேல் 2021 ஜனவரியில் மிதக்கும் சூரிய மின் தகடுகள் அமைக்கப்பட்டன. நகரத்துக்கு அருகே போல்காட்டித் தீவில், 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகையைச் சுற்றி, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் ஒன்பது குழி மைதானம் உள்ளது. களமசேரியிலோ எச்.எம்.டி. தொழிற்சாலை வளாகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம், வீடு எழும்பாத மனைகள் என்று புல் ஆளுயரம் வளர இடம் நிறைய. உயரப் புல்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பது எப்படி என்பதை அங்கே வாழும் குடும்பங்கள் கோல்ஃப் இல்லாமலே கற்றிருக்கின்றன.

முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது மழை. கொச்சி வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை. இந்த ஆறு மாதத்தில் புல் வளரும் வேகம் ஸ்காட்லாந்தின் கடலோரத் திடல்களில் நினைத்துப் பார்க்க முடியாதது. அங்கே வறண்ட மணலில் மெலிதாக, இடைவெளி விட்டு நிற்கும் பொன்னிறப் புல்லுக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுத்து அடிக்கலாம். இங்கே சும்மா விட்ட நிலம் ஒரே பருவத்தில் உள்ளே கால் வைக்க முடியாத புதராகிவிடும். படத்தில் பார்த்த அழகுக்காக ஓரங்களை வெட்டாமல் விட்டுவிட்டு, அதையே இயற்கைப் பராமரிப்பு என்று சொல்வது கேரளத்தில் எடுபடாது. உயரப் புல்லுக்கு வேலை குறைவு என்பது உண்மை. வேலையே இல்லை என்று எண்ணுகிற இடத்தில்தான் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் தொடங்குகிறது.

அடுத்தது எந்தப் புல் என்ற கேள்வி. உயரமாக இருப்பதெல்லாம் நாட்டுப் புல் ஆகிவிடாது. கேரளத்துச் சாலையோரங்களில் நரிவால் போன்ற பழுப்புக் கதிருடன் அசையும் மிஷன் புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மாட்டுத் தீவனமாக வந்து வேலி தாண்டிய கினியாப் புல்லின் பூர்வீகமும் அதுவே. இரண்டும் ஆளை மறைக்கும் உயரத்துக்கு அடர்ந்து, கோடையில் கீழிருந்து மேல்வரை காய்ந்து நிற்கும். புல்லோடு போட்டியிடும் அந்நியச் செடிகளும் உண்டு. ஒன்றை மலையாளிகள் ‘கம்யூனிஸ்ட் பச்சை’ என்கிறார்கள். எதையும் சுற்றிப் படர்ந்து நெரித்துவிடும் மிகானியா கொடிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘திருதராஷ்டிரப் பச்சை’. பீமனைத் தழுவி நொறுக்க நினைத்த குருட்டு மன்னனின் கைகளை அந்தக் கொடியில் கண்டவர் யாரோ, சரியாகத்தான் கண்டிருக்கிறார்.

நாட்டுப் புற்களின் வரிசை வேறு. ஈரக் கரைகளில் நாணல், மேட்டில் தர்ப்பை, வேட்டி நுனியில் குத்தி ஒட்டும் ஊசிப்புல், சரிவைக் கட்டிப்பிடிக்க வெட்டிவேர். செம்புறாங்கல் மேடுகளில் முழங்காலைத் தாண்டாத இஸ்கீமம், டைமீரியா இனப் புற்கள் மழைக்காலத்தில் மென்மையான பச்சை விரிப்பாகத் தோன்றும். வீடுகளுக்கு அருகே வளர்க்க ஏற்றவை இந்தக் குட்டை வகைகள்தான். வெட்டிவேரைக் கேரளத்தில் ராமச்சம் என்பார்கள். தென்னிந்தியாவில் பயிராகும் வகை விதை மூலம் பரவுவது மிகக் குறைவு; நட்ட இடத்தில் நிற்கும், வேர் மட்டும் 3 மீட்டர் ஆழம்வரை போகக்கூடும். ஏரிக்கரை, வாய்க்கால் சரிவு, மதிலடி மண் அரிக்கும் இடம் ஆகியவற்றுக்கு இதைவிட நம்பகமான புல் கிடைப்பது அரிது. தர்ப்பையின் குணம் நேர்மாறு. தரைக்கடியில் கிழங்குத் தண்டு ஓட்டி அண்டை நிலத்துக்குள் நுழைந்துவிடும் என்பதால் அதைச் சுவரோரம் விடக் கூடாது.

எர்ணாகுளம் மாவட்டத்துக்கே உரிய உயரப் புல் ஒன்று உண்டென்றால் அது எலுமிச்சைப்புல். மலையாளத்தில் ‘தெருவப்புல்லு’. மேட்டு நிலங்களில் வளர்ந்த இந்தப் புல்லை அறுத்து, செம்பு அண்டாவில் காய்ச்சி, புல்தைலம் எடுத்தார்கள். அது கொச்சித் துறைமுகம் வழியாகவே வெளிநாடுகளுக்குப் போனதால் உலகச் சந்தையில் ‘கொச்சின் எண்ணெய்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பெரும்பாவூருக்கு அருகே ஓடக்காலியில் 1951இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நறுமண, மூலிகைப் பயிர் ஆராய்ச்சி நிலையமாக இயங்கும் அது ‘சுகந்தி’ என்ற வகையை வெளியிட்டது. தைலத்தில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால் என்ற வாசனைப் பொருள். சோப்பு, நறுமணப் பொருள்களிலிருந்து வைட்டமின் ஏ தயாரிப்பு வரை அதற்குப் பயன் உண்டு.

இந்தப் புல்லை அறுத்தவர்கள் கற்ற பாடம் கோல்ஃப் மைதானத்துக்கும் உதவும். எலுமிச்சைப்புல் கொத்துக் கொத்தாக வளர்வது. கொத்தின் அடியைப் பிரித்துப் பார்த்தால் வெங்காயத்தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய வெளிறிய உறைகளும், அவற்றுக்குள் பத்திரமாகக் குருத்தும் தெரியும். அந்தக் குருத்து தரைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அதனால்தான் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு அறுப்பார்கள். அதற்கும் கீழே அரிவாள் இறங்கினால் கொத்து அழுகும். மேலே விட்டால் காய்ந்த தாள் சேர்ந்து கோடையில் தீக்கு விறகாகும். கோடைமுடிவில், மே மாதம், பழைய கட்டைகளுக்குத் தீ வைத்து, மழையில் புதுத்துளிர் வரவைப்பதும் தைலப்புல் விவசாயிகளின் பழக்கம். குன்றின் மேல் அது சரி. வீட்டு மதிலிலிருந்து 20 அடியில் அதே வேலையைச் செய்ய முடியாது. அறுவைதான் அங்கே தீயின் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

உயரப் புல்லை வைத்திருப்பதால் கிடைப்பது நீர்ச் செலவு மிச்சம் மட்டும் என்று நினைப்பது குறைவான கணக்கு. தூக்கணாங்குருவி கூடு கட்டும் விதத்தை ஒருமுறை கவனித்தால் போதும். ஆண் குருவி புல்லின் இலை விளிம்பில் அலகால் ஒரு வெட்டுப்போடும். பிறகு வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு பறக்கும். நீண்ட நார் ஒன்று இலையோடு பிரிந்து வரும். இப்படி நூற்றுக்கணக்கான நார்கள் சேர்ந்தால்தான் ஒரு கூடு. ஒரு முழத்துக்குக் குறைந்த இலையில் அதற்கு வேலையில்லை. சில்லைகள் புல்விதையைத் தின்று வாழ்பவை. கதிர்க்குருவி புல்லிடுக்கிலேயே கூடு வைப்பது. இந்தக் குருவிகள் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் முட்டையிடுகின்றன. ஆக ஜூன் முதல் அக்டோபர் வரை உயரப் புல்லில் மெஷின் ஓடக் கூடாது என்பது முதல் விதி.

குடியிருப்போர் முதலில் கேட்பது பாம்பைப் பற்றி. அந்த அச்சத்தை மிகை என்று சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் கேரளத்தில் உண்டு. இவற்றின் நஞ்சுக்கு எதிராகத்தான் இந்தியாவின் நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சைப் பெருமளவில் தருவது சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஐந்தாவதாக, கேரளத் தோட்டங்களின் சருகுக்குள் கிடக்கும் மேல்நோக்கி வளைந்த மூக்குடைய சிறு குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் கடிக்கு இந்த மருந்து வேலை செய்வதில்லை.

பாம்பு புல்லுக்காக வருவதில்லை, எலிக்காகவும் தவளைக்காகவும் வருகிறது. குப்பை, கொட்டிய சோறு, அடுக்கிய ஓடு, பொந்துள்ள மதில் ஆகியவை இல்லாத இடத்தில் வெறும் புல் மட்டும் எலியை அதிகம் சேர்ப்பதில்லை. சிக்கல் வருவது புல்லும் குப்பையும் சேரும் இடத்தில். மைதானத்துக்கும் வீட்டுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணப்படும் அந்தக் குறுகிய கீற்றில் இரு பக்கத்தாரும் கழிவைக் கொட்டுகிறார்கள். அதைச் சுத்தமாக வைப்பது பத்து ஏக்கர் புல்லை வெட்டுவதைவிடப் பலன் தரும். எலியைத் தின்னும் சாரைப்பாம்பை அடித்துக் கொல்வது அந்தப் பலனை நாமே கெடுப்பது. பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால், கேரள வனத்துறை 2020இல் தொடங்கிய ‘சர்ப்பா’ செயலி மூலம் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைக்கலாம். அதை மைதானத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது நிர்வாகத்தின் கடமைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

நோய்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் பரவும் எலிக்காய்ச்சல் கேரளத்தில் மழைதோறும் உயிர் வாங்குகிறது. நனைந்த புல்லில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு அது முதலில் வரும். அதனால்தான் ஆபத்தான வேலையில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் சாப்பிட வேண்டும் என்று மாநிலச் சுகாதாரத் துறை வலியுறுத்துகிறது. மற்றொன்று செள்ளுப்பூச்சிக் குஞ்சுகள் கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ். புல்லும் புதரும் சந்திக்கும் விளிம்புதான் அந்தப் பூச்சியின் இடம். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு ஒன்று தெரிந்தால், காய்ச்சலோடு அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் அதே டாக்ஸிசைக்ளினில் குணமாகும். தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து. பந்தைத் தேடிப் புல்லுக்குள் புகும் சிறுவர்களின் பெற்றோருக்கு இந்தப் பொருக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

தீதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கொச்சி பச்சையான ஊர் என்ற எண்ணத்தில் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். டிசம்பரில் மழை நின்ற ஆறு வாரத்தில் உயரப் புல் வைக்கோலாகிவிடும். ஜனவரி முதல் ஏப்ரலின் கோடைமழை வரை, கேரளத்துத் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் காய்ந்த புல் எரியும் செய்தி அடிக்கடி இருக்கும். வீசியெறிந்த பீடித்துண்டு, குப்பைக்கு வைத்த தீ, மின்கம்பியின் பொறி ஆகியவையே வழக்கமான காரணங்கள். களமசேரியில் காலிமனைகளும் ஆலை வளாகங்களும் வீடுகளோடு பின்னிக் கிடப்பதால் புல் தீ மதிலைத் தொட அதிக நேரம் ஆகாது.

இங்கே காற்றின் திசை கவனிக்கத்தக்கது. கோடைப் பிற்பகல்களில் கொச்சியில் கடற்காற்று மேற்கிலிருந்து உள்நாட்டை நோக்கி வீசும். புல் மிகவும் காய்ந்திருக்கும் நேரமும் அந்தப் பிற்பகல்தான். அதனால் மைதானத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய வீடுகளுக்குத் தீ வேகமாக வரும். மேற்கு எல்லையில் அது பின்வாங்கி மெதுவாக எரியும். சுற்றிலும் ஒரே அகலத்தில் தடுப்பு விடுவது காகிதத்தில் ஒழுங்காகத் தெரியும். கிழக்குப் பக்கத்தில் அதை இரட்டிப்பாக்குவதுதான் விவரமான வேலை.

இந்தத் தடுப்பு, காட்டில் வனத்துறையினர் கோடைக்கு முன் எடுக்கும் தீத்தடுப்புக் கோட்டின் சிறு வடிவம். மதிலிலிருந்து முதல் 5 மீட்டருக்குப் புல் எப்போதும் கணுக்காலைத் தாண்டக் கூடாது. கிழக்கில் 10 மீட்டர். அருகம்புல்லையே அங்கே விட்டுவிடலாம். அதற்கு அடுத்த பட்டையில் முழங்கால் உயரக் குட்டைப் புற்கள். எலுமிச்சைப்புல்லும் நாணலும் அதற்கும் அப்பால், மைதானத்தின் உட்பக்கம் இருக்க வேண்டும். இப்படிப் படிப்படியாக உயர்த்தினால் பாம்பு கண்ணில் படாமல் மதிலை அடைய முடியாது, தீக்கும் எரிபொருள் தொடர்ந்து கிடைக்காது. வேறொரு பயனும் உண்டு: வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு முன்னால் வெட்டிய பட்டை தெரிவதால், பின்னால் நிற்கும் உயரப் புல் கவனிப்பாரற்றுக் கிடப்பதாகத் தோன்றாது. அந்த வெட்டிய ஓரத்தாலேயே பாதிப் புகார்கள் குறைந்துவிடும்.

முக்கிய அறுவைக்குச் சரியான நேரம் டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. அதற்குள் நாட்டுப் புற்கள் விதை உதிர்த்திருக்கும், பெரும்பாலான கூடுகள் காலியாகியிருக்கும், தீக்காலம் தொடங்கியிருக்காது. மூன்று வாரம் முந்தினால் அடுத்த ஆண்டுக்கான விதை போய்விடும். மூன்று வாரம் பிந்தினால் தீ முந்திக்கொள்ளும். வீடுகளை நோக்கிய பகுதி முழுவதையும் ஆண்டுதோறும் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். உட்பகுதியை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் வெட்டினால், பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் ஒதுங்க இடம் எப்போதும் மிஞ்சும். மிஷன் புல்லுக்கும் கினியாப் புல்லுக்கும் இந்தச் சலுகை கூடாது. கதிர் வெளிப்படும் முன்பே, மழைக்காலத்தின் நடுவிலானாலும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையால் தூரோடு பிடுங்க வேண்டும். ஈரமண்ணில் அது எளிது. ஒரே ஆண்டில் தீர்ந்துவிடாது. மண்ணில் உறங்கும் விதை தீரும்வரை தொடர வேண்டிய வேலை அது.

வெட்டுவது பிரஷ்கட்டரில்தான் என்றாலும், வெட்டும் வரிசையில் கருத்து வேண்டும். ஓரங்களிலிருந்து சுற்றிச்சுற்றி உள்ளே வெட்டினால், நடுவில் சிக்கிய பாம்பும் கீரியும் கடைசியில் ஆள்களின் காலடியில் பாயும். வீட்டுப் பக்கமிருந்து தொடங்கி மைதானத்தின் உட்பக்கமாக வெட்டிச் சென்றால் அவை வீடுகளுக்கு எதிர்த்திசையில் ஒதுங்கும். இந்த வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, கண்ணாடி தருவது கட்டாயம். கேரளத்தில் நகர்ப்புறப் புல்வெட்டும் வேலையில் பெரும்பகுதி 2010இல் தொடங்கிய அய்யங்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்துப் பெண்களின் கையில் இருக்கிறது. புல் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய கால்களைப் பற்றியும் பேசுவதுதான் முறை.

வெட்டிய புல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போவது இரட்டைத் தவறு. காய்ந்ததும் அது தீக்கு உணவு. மட்கினால் மண்ணுக்கு உரம். உரம் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் நாட்டுப் புற்கள் ஏழை மண்ணில்தான் மெலிதாக, ஒழுங்காக வளர்கின்றன. மண் செழித்தால் செழிப்பது கினியாப் புல்லும் மிகானியாவும்தான். இதனாலேயே ஃபேர்வேக்குத் தூவும் உரம் ஓரங்களில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரி எடுத்த புல்லுக்கு எர்ணாகுளம் மாவட்டத்தில் வேலை இல்லாமல் இல்லை: தென்னைக்கும் வாழைக்கும் மூடாக்கு போடலாம், விதையில்லாத இளம்புல்லை மாட்டுக்குக் கொடுக்கலாம்.

தாழ்வான இடங்களில் வெள்ளத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 15 முதல் 29 வரை பெரியாற்று வெள்ளத்தால் நெடும்பாசேரி விமான நிலையம் மூடிக் கிடந்தது. அடுத்த ஆண்டும் சில நாள் மூடப்பட்டது. அந்த வட்டாரத்தில் வாய்க்காலுக்குள் வளரும் நாணலும் அதில் சிக்கும் பிளாஸ்டிக்கும் நீரின் வழியை அடைத்தால் முதலில் நனைவது அண்டை வீட்டுத் திண்ணைதான். கரையில் வெட்டிவேர் நிற்கட்டும், வாய்க்காலின் அடி மே மாதத்துக்குள் சுத்தமாக இருக்க வேண்டும்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. குட்டையாக வெட்டிய புல்லில் ஆள்காட்டி, மைனா, உண்ணிக்கொக்கு ஆகியவை இரை தேடி இறங்கும். மிகவும் உயர்ந்த புல்லில் சில்லைக் கூட்டமும் எலியும் பெருகி, எலியைத் தேடிப் பருந்து வட்டமிடும். இரண்டுமே விமானத்துக்கு ஆபத்து. பிரிட்டனின் விமான நிலையங்களில் புல்லை 15 முதல் 20 சென்டிமீட்டரில் நிறுத்தும் முறை இதற்காக வந்தது. ஆகவே ஓடுபாதையை நோக்கிய எல்லையில் மார்பளவுப் புல்லுக்கு இடமில்லை. நெடும்பாசேரி விமான நிலையத்தின் சூரிய மின் பண்ணை இதற்கு நெருங்கிய ஒரு சிக்கலை வேறு வழியில் சமாளித்தது. தகடுகளுக்கு இடையே களை மண்டாமல் இருக்க, தகடு கழுவும் நீரிலேயே காய்கறி பயிரிடுகிறார்கள்.

ஆட்டத்தின் விதிகளும் இதில் கைகொடுக்கும். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி தொலைந்த பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது. முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. உயரப் புல் பகுதிகளைச் சிவப்புக் கம்பு நட்டுத் தண்டப் பகுதியாக அறிவிக்கவும், உள்ளே நுழையவே கூடாத இடமாக ஒதுக்கவும் மைதானக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அப்படி அறிவித்துவிட்டால் ஆடுகிறவர் ஒரு தண்ட அடியை ஏற்று வெளியே பந்தை வைத்து ஆடிப் போய்விடுவார். விரியன் படுத்திருக்கும் புல்லைக் கையால் விலக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.

வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டியவை சில செய்திகள்தாம்: எந்தப் பகுதி ஏன் வெட்டாமல் நிற்கிறது, எந்த வாரம் வெட்டப்படும், தடுப்புப் பட்டை எத்தனை மீட்டர், தீ என்றால் 101ஐ அழைத்த பிறகு மைதானத்தில் யாரைக் கூப்பிட வேண்டும். நவம்பர் முடிவதற்குள் குடியிருப்போர் சங்கத்தாரை மதிலோரமாக ஒருமுறை நடத்திக் கூட்டிச்சென்று இவற்றைக் காட்டிவிடுவது நல்லது. புல் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாக நிற்கிறது என்று கருதுபவர் நகராட்சியிடம் முறையிடலாம். பொதுத் தொல்லையை அகற்றும்படி நிர்வாக நடுவர் உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தரவு வந்தபின் அவசரத்தில் நடக்கும் வெட்டு பெரும்பாலும் மொத்தமாகத்தான் இருக்கும்: நாட்டுப் புல், கூடு, விதை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அடுத்த மழையில் அந்த வெற்று நிலத்தில் முதலில் முளைப்பது மிஷன் புல்.

மண் ஒரு தடவை அப்படி வெறுமையாகிவிட்டால், மீண்டும் நாட்டுப் புல்லைக் கொண்டுவருவதற்கு மே மாதக் கடைசியே ஏற்ற நேரம். எலுமிச்சைப்புல், வெட்டிவேர் தூர்களைப் பிரித்து, இரண்டு மூன்று தாளாக, முழ இடைவெளியில் நட வேண்டும். டிசம்பரில் சேகரித்த ஊசிப்புல், இஸ்கீமம் விதையை மணலோடு கலந்து இடையில் தூவ வேண்டும். உரம் வேண்டாம், பருவமழை தொடங்கிவிட்டால் நீரும் ஊற்ற வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் களையெடுப்புதான் வேலை. இரண்டாம் ஆண்டு கொத்துகள் ஒன்றோடொன்று தொடத் தொடங்கும்; மூன்றாம் ஆண்டு டிசம்பரில் அங்கே முதல் அறுவையை நடத்தலாம்.